யது இன்னும் கதைக்கவில்லை

அந்தச் சனிக்கிழமைக்காக அந்த வீட்டில் எத்தனையோ விடயங்களைத் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

குசினிக் கூரையின் ஒழுக்கு தள்ளிப்போனது. தயாபரனின் பல்லுவலி தள்ளிப்போனது. மகள் யதுர்ஷிகாவை ஒருக்கால் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி மிட்வைஃப் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனதும் தள்ளிப்போனது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். சோதினை முடியட்டும்.

சோதினை தயாபரனின் மனைவி சுதர்சினியினுடையது. ஜெயபுரத்து முன்பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டும் களிமண்ணும் சொல்லிக்கொடுத்தே அவளுடைய இளமை போய்விட்டது. நிரந்தர ஆசிரியையாக நியமனம் பெற அவளுக்கு இருந்தது இந்த ஒரு போட்டிப் பரீட்சைதான். போன முறை ஆங்கிலத்தில் கோட்டைவிட்டாள். இந்த முறையும் விட்டால் வயதெல்லை தாண்டிவிடும்.

யதுவுக்கு மூன்று வயது கடந்துவிட்டது. இன்னும் கதைக்கவில்லை. 'ம்மா' என்று ஒரு சத்தம் வரும். மற்றபடி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வேண்டியதைக் காட்டுவாள். தகப்பனும் நாலு வயதில்தான் வாய் திறந்தவன் என்று தயாபரனின் அக்கா கௌசலா சொல்லுவாள். அந்தக் கதையை எல்லோரும் நம்பினார்கள். நம்புவது சுகமாக இருந்தது.

கௌசலா அந்த வீட்டுக்கு வந்தது தனிக் கதை. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஆண்டியப்பனின் மகள் சுதர்சினியைத் தம்பி கட்டுகிறான் என்று அறிந்து கலியாணத்துக்கே வராமல் இருந்தவள். யது பிறந்தபோது ஒரு கிழமை நின்று பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லி வந்தாள். பிறகு போகவில்லை. சுதர்சினி முன்பள்ளிக்குப் போனபிறகு பிள்ளை வளர்ந்தது கௌசலாவின் இடுப்பில்தான்.

விடியற்காலையில் நாலு பேரும் புறப்பட்டார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் தாயைத் தேடி அழும், இடைவேளையில் ஒருக்கால் முகத்தைக் காட்டினால் ஆறும் என்று கௌசலாதான் சொன்னாள். பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் தயாபரன் அயல்வீட்டு நல்லதம்பியின் ஓட்டோவைக் கேட்டு எடுத்திருந்தான்.

அக்கராயன் பாதையில் ஓட்டோ குலுங்கிக்கொண்டு போயிற்று. சுதர்சினி மடியில் குறிப்புகளை வைத்திருந்தாள். எழுத்து ஆடியதால் வாசிக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். புலனியக்கப் பருவம். அதற்குப் பிறகு வருவது முன்செயற்பாட்டுப் பருவம். அதற்கும் பிறகு தூல சிந்தனைப் பருவம். நீண்ட கோப்பைக்குள் ஊற்றினாலும் அகன்ற கோப்பைக்குள் ஊற்றினாலும் தண்ணீர் அதே அளவுதான் என்று பிள்ளைக்கு எந்த வயதில் விளங்கும். எல்லாம் பாடம். ஆனால் அந்த அத்தியாயங்களுக்குள் ஒரு வரி இருந்தது. பெரியவர்கள் பிள்ளையோடு கதைக்கக் கதைக்கத்தான் பிள்ளையின் மொழி வளரும் என்ற வரி. அதை வாசித்த நாளிலிருந்து சுதர்சினிக்கு ஒரு எண்ணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. தான் ஊர்ப் பிள்ளைகளோடு கதைத்த கதையில் பாதியைக்கூடத் தன் பிள்ளையோடு கதைக்கவில்லை என்ற எண்ணம். யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

முன்னாலிருந்து தயாபரன் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தான். யுத்தம் முடிந்த கையோடு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தவன் அவன். வெள்ளைக்காரரோடு வாகனத்தில் திரிந்து திரிந்து ஆங்கிலம் பழகியவன். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனபின் வயலுக்குத் திரும்பியிருந்தான். ஆங்கிலம் மட்டும் போகாமல் நின்றது. பல மாதமாகப் பின்னேரங்களில் அவன்தான் அவளுக்கு வாத்தியார்.

"'டிட்' எங்கை வரும், 'ஹாஸ்' எங்கை வரும்?" என்றான்.

அவள் சொன்னாள். முடிந்த கதைக்கு டிட். தொடங்கி இன்னும் முடியாமல் நிற்கிற கதைக்கு ஹாஸ். 'நேற்று' வந்தால் ஹாஸ் வராது.

"'ஈச்' வந்தால்?"

"ஒருமை."

"பின்னாலை எத்தினை பேர் நிண்டாலும்?"

"எத்தினை பேர் நிண்டாலும் ஒருமை."

அவன் தலையாட்டினான். அதற்கு மேல் கேட்க அவனுக்கும் அலுப்பாக இருந்தது. விடிய முன்னமே எழுந்து வயலுக்குத் தண்ணி மாறிவிட்டு வந்தவன். கௌசலாவின் மடியில் யது வாயைத் திறந்தபடி நித்திரை. ஓட்டோவின் இரைச்சலோ, எதிரே வந்த டிப்பர் லொறிகளின் ஹோர்னோ அவளை எழுப்பவில்லை. நல்ல பிள்ளை, எங்கேயும் நித்திரை கொள்ளும் என்று கௌசலா சொன்னாள்.

கிளிநொச்சியில் பரீட்சை நடந்த பாடசாலை வாசலில் பெருங்கூட்டம். பெரும்பாலும் சுதர்சினியைவிட வயதில் குறைந்த பெட்டையள். கம்பஸில் பட்டம் முடித்தவர்கள். அவர்களின் கதை காதில் விழாத தூரத்துக்கு அவள் தள்ளி நின்றாள். யதுவின் கன்னத்தைத் தடவிவிட்டு, அடையாள அட்டையை ஒருக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

காலை வினாத்தாள் ஆங்கிலம். பயந்த அளவுக்கு இல்லை. ஈச் வந்தது. நியூஸ் என்ற சொல் பன்மை மாதிரித் தோற்றம் காட்டிக்கொண்டு வந்தது. அது ஒருமைதான் என்று தயாபரன் சொல்லிச் சொல்லிச் சண்டை பிடித்த நாள் நினைவுக்கு வர, அந்த இடத்தில் தடுமாறாமல் எழுதினாள். கட்டுரைக்கு மட்டும் நேரம் போதவில்லை. ஆனாலும் போன முறை போல வெறும் பக்கம் வைக்கவில்லை. பேனையை வைத்தபோது கழுத்திலிருந்து விரல் வரைக்கும் உளைந்தது.

அந்த நேரத்தில் வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

பாடசாலைக்கு எதிரே ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். வெயில் ஏறியதும் தயாபரன் ஓட்டோவை அதன் மதிலோடு நிறுத்தியிருந்தான். பரீட்சை எழுத வந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் சிலரும் அங்கே நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்கள். யது மணிக்கோபுரத் தூணடியில் குந்தியிருந்து மண்ணைக் கூட்டிக் கூட்டி மேடு கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய தலைக்கு நேர் மேலே பெரிய காண்டாமணி தொங்கியது.

மத்தியானப் பூசைக்கு ஐயர் வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

முதல் அடிக்கே பக்கத்தில் நின்ற பொடியள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஒரு கைக்குழந்தை வீரிட்டது. ஓட்டோவுக்குள் கண்ணயர்ந்துபோயிருந்த தயாபரன் திடுக்கிட்டு எழும்பினான். எழும்பியவன் முதலில் பிள்ளையைத்தான் பார்த்தான்.

யது தலையைத் தூக்கவில்லை. மேட்டின் மேல் ஒரு வேப்பிலையைக் குத்தினாள். பிறகு எழும்பத் தூணில் கையை ஊன்றியபோதுதான் ஏதோ புதினம் கண்டவள் போல நின்றாள். இரண்டு கையையும் தூணில் வைத்தாள். கன்னத்தையும் வைத்தாள். மணி அடிக்க அடிக்கத் தூண் அதிர்ந்தது. பிள்ளை சிரித்தது.

மணி ஓய்ந்ததும் சிரிப்பும் நின்றது. அவள் தூணைத் தட்டிப் பார்த்தாள்.

தயாபரன் இறங்கி வந்தான். பிள்ளையின் பின்னால் நின்று கையைத் தட்டினான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சத்தமாகக் கூப்பிட்டான். கூட இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிள்ளை பார்க்கவில்லை. அவன் ஓட்டோவுக்குப் போய் ஹோர்னை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான்.

கௌசலா வந்து அவனுடைய கையைப் பிடித்தாள்.

"காணும் தம்பி. எல்லாரும் பாக்கினம்."

அவன் ஹோர்னை விட்டான். இருவரும் கோயில் மதிலோடு இருந்தார்கள். நாலு வயதில் தான் கதைத்த கதையை இனி யாரிடமும் சொல்ல முடியாது என்று தயாபரன் நினைத்தான். அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு எத்தனை மாதத்தைத் தின்றுவிட்டோம் என்றும் நினைத்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. அலுப்புத்தான் வந்தது, சேற்றுக்குள் மாட்டுப்பட்ட உழவு மெசினைத் தனியாகத் தள்ளுகிற அலுப்பு.

பாடசாலைப் பக்கம் சனம் வெளியே வரத் தொடங்கியது.

"இப்ப அவளுக்குச் சொல்லவேண்டாம். பின்னேரமும் ஒண்டு கிடக்கு எழுத" என்றாள் கௌசலா.

அவன் அப்படியே ஒத்துக்கொண்டான்.

சுதர்சினி வந்தாள். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. வந்ததும் வராததுமாக யதுவைத் தூக்கினாள். சாப்பாட்டுப் பாசலைப் பிரித்து நாலு பேரும் இருந்தார்கள். வந்த கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நியூஸ் சரியாக எழுதியதைச் சொல்லிவிட்டு, தயாபரன் சந்தோசப்படுவான் என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன என்று கேட்டாள். வெக்கை என்றான். கௌசலா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அவள். இரண்டு பேரும் தன்னால்தான் இந்த வெயிலில் காய்கிறார்கள் என்று சுதர்சினி எடுத்துக்கொண்டாள். மிச்சச் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு, பிள்ளையைக் கௌசலாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

பின்னேர வினாத்தாள் பிள்ளை விருத்தி. அவளுடைய சொந்த நிலம். முதல் கேள்விகளில் பேனை தானாக ஓடியது. பருவங்களை வரிசைப்படுத்தச் சொன்னார்கள், படுத்தினாள். விளையாட்டின் பயன்களைக் கேட்டார்கள். அதற்கு மனப்பாடம் தேவைப்படவில்லை, முன்பள்ளி முற்றத்தை நினைத்து எழுதினாள்.

கடைசிக் கேள்வி ஒரு சம்பவம்.

உங்கள் வகுப்பில் மூன்றரை வயதுப் பிள்ளை ஒன்று உள்ளது. பின்னாலிருந்து அழைத்தால் திரும்புவதில்லை. கதைப்பவரின் முகத்தையே உற்றுப் பார்க்கும். தேவையானதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டும். பிள்ளை பிடிவாதக்காரன் என்கின்றனர் பெற்றோர். (அ) நீங்கள் முதலில் எதனைச் சந்தேகிப்பீர்கள்? (ஆ) நீங்கள் எடுக்கும் உடனடி நடவடிக்கை யாது? (இ) இதனைப் பெற்றோரிடம் எவ்வாறு எடுத்துரைப்பீர்கள்?

சுதர்சினி 'அ'வுக்கு யோசிக்கவேயில்லை. செவிப்புலக் குறைபாடு என்று எழுதினாள். 'ஆ'வுக்கும் யோசிக்கவில்லை. காலம் தாழ்த்தாது காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் செவிப்புலனைப் பரிசோதிக்கச் செய்தல் என்று எழுதினாள். பயிற்சி வகுப்பில் கேட்டதெல்லாம் வரிசையாக வந்தது. 'காலம் தாழ்த்தாது' என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டாள்.

'இ' என்று எழுதி அடைப்புக்குறி போட்டபோது கை நின்றது.

கையைப் பிடித்து இழுத்துக் காட்டும்.

மேலே போய்க் கேள்வியைத் திரும்ப வாசித்தாள். முகத்தையே உற்றுப் பார்க்கும். யது தன்னுடைய முகத்தைப் பார்க்கிற மாதிரி உலகத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை என்று அவள் பெருமைப்பட்டதுண்டு. இரவில் விளக்கை நூர்த்து இருட்டாக்கினால் பிள்ளை அழுவாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்கள். விளக்கை நூர்த்தால் பிள்ளைக்கு உலகம் முழுக்க நூர்ந்துவிடுகிறது.

மண்டபத்து மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைப் பெட்டை மேலதிக தாள் கேட்டுக் கையைத் தூக்கினாள். மேற்பார்வை செய்த ரீச்சர் அருகில் வந்து, சுகமில்லையா, தண்ணி வேணுமா என்று மெதுவாகக் கேட்டார். சுதர்சினி வேண்டாம் என்றாள். எழும்பிப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. போய் என்ன செய்வது. சனிக்கிழமை பின்னேரம். எந்த வைத்தியர் இருப்பார்.

அவள் பேனையை எடுத்தாள்.

பெற்றோரை மற்றவர்கள் இல்லாத நேரத்தில் அழைத்து இருக்கச் செய்வேன் என்று எழுதினாள். பிள்ளையின் நல்ல இயல்புகளை முதலில் கூறுவேன். நான் அவதானித்தவற்றைக் குற்றம் சாட்டாத முறையில் கூறுவேன். இது எவருடைய தவறும் அல்ல என்பதை உணர்த்துவேன். எழுதியதை வாசித்தபோது கடைசி வரி யாரோ அந்நியர் எழுதியது போல இருந்தது. வெட்டினாள். வெட்டியதற்கு மேலேயே திரும்பவும் அதை எழுதினாள். அதுதான் சரியான விடை. புள்ளி அதற்குத்தான்.

மணி அடிக்கும் வரை இருந்து, பரீட்சைச் சுட்டெண்ணைச் சரிபார்த்து, தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

தயாபரன் வாசலிலேயே நின்றான். பின்னேரம் முழுக்க அவன் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போய்ச் சொல்வதா, வழியில் நிறுத்திச் சொல்வதா என்று முடிவு எடுக்க முடியாமல் நின்றான். அவள் கிட்ட வந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"யதுவுக்குக் காது கேக்கேல்லை, என்ன?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"எப்ப கண்டனீங்கள்?"

"மத்தியானம். கோயில் மணி அடிக்கேக்கை."

"அப்ப சாப்பிடேக்கையே உங்களுக்குத் தெரியும்."

"ஓம். நீ எழுதவேணுமெண்டு..."

அவள் சண்டை பிடிக்கவில்லை. அவன் அதற்கும் ஆயத்தமாக இருந்தான், ஆனால் அவள் பிடிக்கவில்லை. நல்லது செய்தீர்கள் என்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, றோட்டைக் கடந்து, ஓட்டோவின் படியில் போய் இருந்தாள். திங்கட்கிழமை காலமை கிளினிக்குக்குப் போகவேண்டும் என்று மட்டும் சொன்னாள். போவம் என்றான்.

கௌசலா கோயில் முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். யது தள்ளி, வேறு பிள்ளைகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். சுதர்சினி எழும்பிக் கௌசலாவிடம் போனாள். எவருடைய தவறும் அல்ல என்று சற்று முன்னர்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதைச் சொல்லத்தான் போனாள். வாய்க்குள் அது வரவில்லை. நாள் முழுக்கப் பிள்ளையோடு இருந்தது இவள்தானே என்று ஒரு நினைப்பு. தாய் நீதானே என்று அதற்குள்ளேயே இன்னொன்று.

கௌசலாதான் முதலில் கதைத்தாள்.

"நான் அவளை வாயாலை கூப்பிடுறேல்லை சுதா. எனக்கு இண்டைக்குத்தான் அது விளங்கினது. எப்பத் தொடங்கினது எண்டு யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், தெரியேல்லை."

"அப்ப எப்பிடிக் கூப்பிடுவீங்கள்?"

கௌசலா தயங்கினாள். பிறகு வலது காலைத் தூக்கி முற்றத்து மண்ணில் ஓங்கி மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பூழி நிலம், அதிர்வு போகாது. வீட்டில் சீமெந்து என்று முணுமுணுத்துக்கொண்டு, பிள்ளை கோயில் படிக்கு ஏறும்வரை பார்த்திருந்து, தானும் படியில் ஏறித் திரும்பவும் மிதித்தாள்.

யது திரும்பினாள். கௌசலாவைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் தாயைக் கண்டாள். ஓடி வந்தாள்.

சுதர்சினி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், பிள்ளை முகத்தைக் காணாதபடி.

திரும்புகிற பயணத்தில் வயல்களில் வெயில் சரிந்துகொண்டிருந்தது. யது இருவரின் மடியிலும் குறுக்காகப் படுத்திருந்தாள். தலை தாயின் மடியில், கால் கௌசலாவின் மடியில். அக்கராயன் தாண்டும்போது தயாபரன், பின்னேரத் தாள் எப்படி என்று கேட்டான். கேட்டாக வேண்டுமே என்பதற்காகக் கேட்டான்.

"எல்லாம் எழுதினனான். இந்த முறை கிடைக்கும்போலை கிடக்கு" என்றாள் சுதர்சினி.

ஒருவரும் சந்தோசப்படவில்லை. கிடைத்தால் எங்கே போடுவார்களோ தெரியாது. துணுக்காய்ப் பக்கம் ஒரு காட்டுப் பள்ளிக்கூடமாக இருக்கலாம், முல்லைத்தீவுக் கரையாக இருக்கலாம். பிள்ளையின் காதுக்கு மெசின் பூட்டவும் பேச்சுப் பழக்கவும் யாழ்ப்பாணத்துக்குத்தான் கிழமைக்குக் கிழமை ஓடவேண்டிவரும் என்று தயாபரன் மத்தியானமே யாரிடமோ போனில் விசாரித்திருந்தான். அதை அவன் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்கு விளங்கியிருந்தது.

கௌசலா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கிடைச்சால் நீ போ, சுதா. வேண்டாமெண்டு சொல்லாதை. ஆனா பிள்ளையை இனி என்னட்டை விட்டுட்டுப் போகாதை."

அது கோபமா, பயமா, தன்னைத் தானே தண்டிப்பதா என்று சுதர்சினிக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தெம்பில்லை. கண்ணாடியில் தயாபரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

சொல்லிவிட்டாளே தவிர, கௌசலாவின் கை பிள்ளையின் பாதத்தைப் பொத்திப் பிடித்தபடியே இருந்தது. ஜெயபுரம் சந்தி வரைக்கும் அவள் அதை விடவில்லை.